லோன் முடிஞ்சும் சிபிலில் பாக்கி காட்டுதா? ஏஜென்ட் மிரட்டுறாரேன்னு பணம் கட்டிடாதீங்க... திருத்துவது எப்படி?

"கட்டலைன்னா சிபில்ல ஏத்திருவோம். அப்புறம் உங்க வீட்டுல ஒருத்தருக்கும் லோன் கிடைக்காது."

கடன் வசூலுக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் மிரட்டல் இது. உண்மையிலேயே பாக்கி வைத்திருப்பவர் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கடனை முழுசா அடைத்தவரும், கடனே வாங்காதவரும்கூட இதைக் கேட்டு, "எதுக்கு வம்பு" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகும் சிபில் ரிப்போர்ட்டில் அந்தப் பாக்கி அப்படியே இருக்கிறது. சில நேரம் முன்பைவிட மோசமாகவும் ஆகிவிடுகிறது.

ஏன் இப்படி? தப்பான பதிவை எப்படித் திருத்துவது? அதுவரை வரும் மிரட்டலை எப்படிச் சமாளிப்பது? முழு விவரத்தையும் பார்ப்போம்.

ஒரு உதாரணம்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 2022ல் ஒரு தனியார் ஃபைனான்ஸில் டூவீலர் லோன் எடுக்கிறார். 24 மாத டியூ. மாதம் 3,100 ரூபாய். கடைசி இரண்டு டியூவை வீட்டுக்கு வந்த வசூல் ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறார். ஒன்றுக்கு ரசீது கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு, "அடுத்த தடவை தர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை.

ஒரு வருடம் கழித்து மகளின் காலேஜ் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். "உங்க பேர்ல ஒரு லோன் ஓவர்டியூல இருக்கும்மா" என்று வங்கியில் சொல்கிறார்கள். அதே வாரத்தில் வேறொரு ஏஜென்ட் போன் செய்கிறார். "அபராதம் எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் பாக்கி. 6,000 கட்டுங்க, செட்டில் பண்ணி சிபிலை க்ளியர் பண்ணித் தர்றேன்" என்கிறார்.

அவர் 6,000 ரூபாயைக் கட்டலாமா? கூடாது. அதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால், சிபில் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிபில்னா என்ன? யார் வேணும்னாலும் அதில் ஏத்த முடியுமா?

நாம் பொதுவாக சிபில் என்று சொல்வது ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005ன் கீழ் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இப்படிப்பட்ட நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு இருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவைதான் அவை.

வங்கிகள், ஃபைனான்ஸ் கம்பெனிகள், மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள் ஆகியவை தங்களிடம் கடன் வாங்கியவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்ற தகவலை இந்த நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தத் தகவலை வைத்துத்தான் 300 முதல் 900 வரை ஸ்கோர் போடப்படுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வசூல் ஏஜென்ட்டுக்கு சிபிலில் எதையும் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தகவல் அனுப்புவது கடன் கொடுத்த நிறுவனம். பதிவு செய்வது கடன் தகவல் நிறுவனம். நடுவில் ஏஜென்ட்டுக்கு வேலையே இல்லை.

இரண்டு, தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் சிபிலில் தகவல் பதிவு செய்யவே முடியாது. ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாத லோன் ஆப்களுக்கும் இதே கதைதான். அவர்கள் "சிபில்ல போட்டுருவோம்" என்று சொன்னால் அது வெற்று மிரட்டல்.

ஒரு தப்பான பதிவால் என்ன நஷ்டம்?

லோன் கிடைக்காது என்பது மட்டும் இல்லை. வேலையும் போகலாம். ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவருக்கு, அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று 2021ல் பணி நியமனம் ரத்து செய்யப்பட்டது. கடன்களை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டார். ஆனால் வங்கியின் முடிவு சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கல்விக் கடனில் நிலைமை கொஞ்சம் வேறு. சிபில் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவரின் கல்விக் கடனை நிராகரிக்கக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. முதல்முறை கடன் கேட்பவருக்குக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் என, 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இருந்தாலும் கல்விக் கடனில் அப்பா அல்லது அம்மா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவதால், அவர்களுடைய ரிப்போர்ட்டையும் வங்கிகள் பார்க்கின்றன. அம்மாவின் பழைய டூவீலர் லோன் மகளின் படிப்பில் வந்து நிற்பது இப்படித்தான்.

தப்பு எப்படி உள்ளே வருது?

இனிஷியல் குழப்பம்: தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் எஸ். முருகன், பான் கார்டில் முருகன் சுப்பையா, வங்கிப் பாஸ்புக்கில் முருகன் எஸ் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரே ஊரில் இதே பெயரும் இனிஷியலும் உள்ள இன்னொருவரும் இருப்பார். பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் போதும், அவருடைய கடன் உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

முடிந்த கடன் முடியாமல் நிற்பது: கடைசி டியூ கட்டியாச்சு. ஆனால் நிறுவனம் கணக்கை மூடவில்லை. அல்லது ஏஜென்ட் வாங்கிய பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே கடன் இரண்டு இடத்தில்: வாராக் கடனைச் சில நிறுவனங்கள் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அப்போது பழைய நிறுவனமும் பாக்கி காட்டும், வாங்கிய நிறுவனமும் பாக்கி காட்டும். இரண்டு பக்கமிருந்தும் போன் வரும்.

குழு லோன்: மகளிர் குழுவில் கடன் வாங்கும்போது கொடுத்த ஆதார் நகலை வைத்து வேறு கடன் போடப்படுவது உண்டு. குழுவில் ஒருவர் கட்டாத பாக்கி, சரியாகக் கட்டிய இன்னொருவர் பெயரில் ஏறுவதும் உண்டு.

ஜாமீன் கையெழுத்து: இது தவறு இல்லை, ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம். சொந்தக்காரர் டிராக்டர் லோனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால், அவர் கட்டாதது உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியும்.

ஆள்மாறாட்டம்: உங்கள் ஆதார், பான் விவரத்தை வைத்து யாரோ ஆப்பில் கடன் வாங்கியிருக்கலாம். இது மோசடி. உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். அந்தப் புகார் எண்தான் பிறகு உங்களுக்குப் பெரிய ஆதாரம்.

'செட்டில்மென்ட்' என்ற பொறி

இப்போது அந்த 6,000 ரூபாய்க்கு வருவோம்.

கடன் கணக்கு முடிவதில் இரண்டு வகை உண்டு. முழுப் பணமும் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' என்று வரும். பாக்கியைவிடக் குறைவான தொகைக்குப் பேசி முடித்தால் 'செட்டில்டு' என்று வரும். இரண்டாவது வார்த்தையைப் பார்த்தால், இவர் முழுசா கட்டவில்லை, நிறுவனம் மிச்சத்தை விட்டுக்கொடுத்தது என்றுதான் அடுத்த வங்கி புரிந்துகொள்ளும். அந்த அடையாளம் வருடக்கணக்கில் நிற்கும்.

முழுக் கடனையும் அடைத்தவர் மிரட்டலுக்குப் பயந்து 6,000 ரூபாய் கொடுத்து 'செட்டில்' செய்தால் என்ன ஆகும்? பணமும் போகும். இல்லாத பாக்கியை இருந்ததாக ஒப்புக்கொண்டது போலவும் ஆகும். அதனால்தான் பதிவு தப்பு என்றால் முதலில் பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். பணத்தை எடுக்கக் கூடாது.

முதல் வேலை: ரிப்போர்ட்டை எடுங்க

ஏஜென்ட் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை ஸ்கோருடன் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண், செல்போன் எண் கொடுத்து எடுக்கலாம். நான்கையும் சேர்த்தால் வருடத்துக்கு நான்கு ரிப்போர்ட் இலவசம். மைக்ரோ ஃபைனான்ஸ், குழு லோன் எடுத்தவர்கள் சிபிலோடு நிறுத்தாமல் மற்ற மூன்றையும் பார்ப்பது நல்லது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இவற்றைப் பாருங்கள்:

* பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, செல்போன் எண் எல்லாம் உங்களுடையதுதானா?
* ஒவ்வொரு கடனும் நீங்கள் வாங்கியதுதானா?
* முடிந்த கடனுக்கு 'க்ளோஸ்டு' என்று இருக்கிறதா, நிலுவைத் தொகை பூஜ்ஜியமாக இருக்கிறதா?
* 'செட்டில்டு', 'ரிட்டன் ஆஃப்' என்று எங்காவது இருக்கிறதா?
* மாதவாரியாக உள்ள கட்டத்தில் 000 என்று இருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை என்று அர்த்தம். 030, 060 என்று இருந்தால் அத்தனை நாள் தாமதம். நீங்கள் கட்டிய மாதத்தில் தாமதம் காட்டுகிறதா?
* நீங்கள் கடனே கேட்காத நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கிறதா?

தப்பான இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் மேலே உள்ள கன்ட்ரோல் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் அதைக் கேட்பார்கள்.

இரண்டாவது: எழுத்தில் புகார்

போனில் பேசிப் பதிவு திருந்தாது. ஏஜென்ட்டிடம் சண்டை போட்டும் திருந்தாது. எழுத்தில் கேட்டால்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும்.

புகாரை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்று, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவருடைய மெயில் முகவரி அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். இரண்டு, தப்பான தகவல் இருக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு. அதன் இணையதளத்தில் 'டிஸ்ப்யூட்' என்ற பகுதியில் இலவசமாகப் பதிவு செய்யலாம். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, அது உறுதி செய்த பிறகே மாற்றும். அதனால்தான் இரண்டு இடத்திலும் தட்ட வேண்டும்.

மெயில் இல்லாதவர்கள் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கலாம். சீல் போட மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கடிதத்தில் பெரிய இலக்கியம் எதுவும் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"என் பெயர் இது. என் கடன் கணக்கு எண் இது. இந்தக் கடனை இந்தத் தேதியில் முழுவதும் கட்டி முடித்துவிட்டேன். ரசீது நகல்கள் இணைத்துள்ளேன். ஆனால் இந்தத் தேதியில் எடுத்த கடன் தகவல் அறிக்கையில் இவ்வளவு ரூபாய் நிலுவை என்று தவறாகக் காட்டுகிறது. இதைத் திருத்தி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சரியான தகவலை அனுப்பி, எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். என் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டையும் நிலுவை இல்லாச் சான்றையும் தரவும். இந்தப் புகார் தீரும் வரை வசூல் அழைப்புகளை நிறுத்தவும்."

கடனே வாங்கவில்லை என்றால், "இந்தக் கடனை நான் வாங்கவில்லை. நான் கையெழுத்திட்ட விண்ணப்பம், அடையாள ஆவணம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் காட்டவும்" என்று கேளுங்கள். பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போயிருந்தால் உண்மை அங்கேயே வெளியே வந்துவிடும்.

30 நாள் கெடு... தாண்டினால் தினமும் 100 ரூபாய்

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருத்த வேண்டும். இல்லாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26 அன்று உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் முதல் இது அமலில் இருக்கிறது.

அந்த 30 நாளில் கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் இழப்பீடு அதன் தலையில். அது சரியாக அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் மாற்றவில்லை என்றால் இழப்பீடு அதன் தலையில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 1ல் புகார் கொடுத்தால் ஆகஸ்ட் 31ல் கெடு முடிகிறது. அக்டோபர் 15ல்தான் திருத்தினார்கள் என்றால் 45 நாள் தாமதம். இழப்பீடு 4,500 ரூபாய். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதனால் புகாரிலேயே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

திருத்த முடியாது என்று சொன்னால் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். வெறும் "நிராகரிக்கப்பட்டது" என்று அனுப்பினால் போதாது. ஆனால் ஒன்று, ஸ்கோர் ஏன் இவ்வளவு குறைவு, லோன் ஏன் தரவில்லை என்ற கேள்விகளுக்கு இந்த 100 ரூபாய் விதி பொருந்தாது. தப்பான தகவலைத் திருத்தக் கேட்பதற்கு மட்டும்தான்.

இந்த விதிகளை நிறுவனங்கள் எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றுகின்றனவா? 2023 ஜூனில் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்குமே ரிசர்வ் வங்கி அபராதம் போட்டது. டிரான்ஸ்யூனியன் சிபிலுக்கு மட்டும் 26 லட்சம் ரூபாய். அதனால் அடுத்த கதவு எது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது: ஆம்புட்ஸ்மேன்

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வங்கி, ஃபைனான்ஸ் நிறுவனங்களோடு கடன் தகவல் நிறுவனங்களையும் 2022 செப்டம்பர் 1 முதல் இந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற இணையதளத்தில் புகார் செய்யலாம். சண்டிகரில் செக்டார் 17ல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். எப்படி அனுப்புவது என்ற சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணில் தமிழிலும் கேட்கலாம்.

நினைவில் வைக்க வேண்டியது: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதே பிரச்சினை கோர்ட்டில் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இன்னொரு வழி நுகர்வோர் ஆணையம். லோன் மறுக்கப்பட்டது, வேலை போனது போன்ற நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்க திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பிரச்சினை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

அதுவரைக்கும் மிரட்டல் வந்தா?

பதிவு திருந்த மாதக் கணக்கில் ஆகலாம். ஆனால் வசூலுக்கு வருகிறவர்கள் நாளைக்கே வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கும் எல்லை உண்டு.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு இன்னும் கறார். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. வழக்கமாகப் பணம் கட்டும் பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம்.

கெட்ட வார்த்தையில் திட்டுவது, அடிப்பேன் என்று மிரட்டுவது, அக்கம்பக்கத்தினர் முன்னால் அவமானப்படுத்துவது, சொந்தக்காரர், நண்பர், கூட வேலை செய்பவருக்குப் போன் போட்டுத் தொல்லை கொடுப்பது எல்லாமே தடை. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவதும் மைக்ரோ ஃபைனான்ஸ் விதிப்படி தப்பு. ஏஜென்ட் செய்வதற்கு நிறுவனமே பொறுப்பு. "அவர் வெளி ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று தப்பிக்க முடியாது.

குண்டர்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது, சட்டப்படிதான் வசூலிக்க வேண்டும் என்று ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கில் 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் டிராக்டரைப் பறிமுதல் செய்ய வந்தபோது, ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் டிராக்டர் ஏறி இறந்தார். அதையடுத்து, வெளி ஏஜென்சிகளை வைத்து வசூல் செய்ய மஹிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023 ஜனவரியில்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025ல் சட்டமன்றத்தில் தனிச் சட்டமும் நிறைவேறியது. அதில் மூன்று ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது என்பதை இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். யார் மிரட்டினாலும், குற்ற நோக்கில் மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 351வது பிரிவில் குற்றம்தான். அவசரம் என்றால் 112 அல்லது 100.

வருகிறவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். போன் வந்த நேரத்தையும் எண்ணையும் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். "எழுத்தில் புகார் கொடுத்திருக்கேன், புகார் எண் இது, நிறுவனத்துக்கிட்ட பேசுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். வாக்குவாதம் வேண்டாம்.

நிஜமாவே பாக்கி இருந்தா?

இதையும் சொல்லியாக வேண்டும். உண்மையான தாமதம் ரிப்போர்ட்டில் இருந்தால் அதை யாராலும் அழிக்க முடியாது. "5,000 கொடுங்க, சிபிலை க்ளீன் பண்ணித் தர்றோம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி ஆதார், ஓடிபி கொடுத்தால் இன்னொரு லோன் உங்கள் பெயரில் ஏறினாலும் ஏறும்.

பாக்கி இருந்தால், முடிந்தவரை முழுத் தொகையும் கட்டி 'க்ளோஸ்டு' ஆக்குங்கள். வேறு வழியே இல்லாமல் செட்டில்மென்ட் செய்தால், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், ரிப்போர்ட்டில் என்ன பதிவாகும் என்று நிறுவனத்தின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிய பிறகு கட்டுங்கள். பணத்தை ஏஜென்ட் கையிலோ அவருடைய ஜிபேயிலோ போடாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள்.

அந்த வேடசந்தூர் பெண் என்ன செய்யணும்?

முதலில் 6,000 ரூபாயைக் கொடுக்கக் கூடாது. நிறுவனத்திடம் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்க வேண்டும். ரசீது இருக்கும் டியூவை, ரசீது நகலைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை ஏஜென்ட் கட்டாமல் விட்டிருந்தால் அது நிறுவனத்துக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையில் உள்ள பிரச்சினை.

ரசீது இல்லாத டியூதான் சிக்கல். அன்று ஏஜென்ட் போன் செய்த விவரம், மெசேஜ், பணம் எடுத்த வங்கிப் பதிவு ஏதாவது இருந்தால் இணைக்கலாம். எதுவுமே இல்லை, நிறுவனமும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்த ஒரு டியூவை மட்டும் நிறுவனத்தின் கணக்கில் கட்டி, அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு, கணக்கை 'க்ளோஸ்டு' என்று முடித்து, நிலுவை இல்லாச் சான்று வாங்குவதுதான் அவருக்கு நஷ்டம் குறைவான வழி. தாமதமான மாதங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும். ஆனால் 'செட்டில்டு' என்ற முத்திரை இருக்காது. புகார் கொடுத்ததற்கான சான்றையும் திருத்திய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வங்கி மேனேஜரை மறுபடி பார்க்கலாம்.

நிலக்கோட்டையில் பூ வியாபாரத்துக்கு எடுத்த லோனோ, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்ற எடுத்த வண்டி லோனோ, சின்னாளபட்டியில் குழு லோனோ, எதுவாக இருந்தாலும் கடைசி டியூவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நிலுவை இல்லாச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்து 'க்ளோஸ்டு' என்று பார்த்த பிறகுதான் அந்தக் கடன் முடிந்தது. கையில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அப்பவே ரசீது கேளுங்கள். "அடுத்த தடவை தர்றேன்க்கா" என்றால், பணத்தையும் அடுத்த தடவையே வாங்கிக்கச் சொல்லுங்கள்.